மீனைக் குச்சியில் கோத்துச் சுடுவது எப்படி?

மயிலாடுதுறையில் எங்கள் தெருவுக்கு ஐஸ் பெட்டி கட்டிய வண்டியில் ஒரு மீன்கார அக்கா வருவார். யார் மீன் கேட்டாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "குழம்புக்கா, வறுவலுக்கா?" அதற்கேற்ற மாதிரி மீனையும் காட்டுவார், துண்டும் போடுவார். ஒருநாள் நான் "சுடறதுக்குக்கா" என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சுடறதுக்குன்னா கருவாடுல்ல கேக்கணும் தம்பி?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் மீன் சுடுவதில் பாதி பாடம் அதில் இருக்கிறது. அடுப்புத் தணலில் கருவாட்டைப் போட்டால் ஒட்டாது, உடையாது, ஓரம் மொறுமொறுவென்று வந்துவிடும். காரணம், அதில் ஈரமில்லை. பச்சை மீனைச் சுடும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஈரத்தால் வருபவை. மீனில் ஈரம், மசாலாவில் ஈரம், தணலுக்கு எரிக்கும் கொட்டாங்கச்சியில் ஈரம். வெளி ஈரத்தைப் போக்கி உள் ஈரத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை. மசாலா எல்லாம் அப்புறம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முறை கட்லா வாங்கி, குழம்புக்குச் செய்வது போல மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டு, சொட்டச் சொட்ட மசாலா தடவி, மச்சான் வீட்டாரையும் அழைத்துவிட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்தேன். முதல் திருப்பிலேயே பாதி மீன் தணலில் விழுந்தது. மீதி பாதி கம்பி வலையில் ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்ததை என் மனைவி வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு வதக்கிப் புட்டாக்கிக் கொடுத்தாள். எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள்.

எந்த மீன்?

சதை கெட்டியாக இருக்க வேண்டும், குறுமுள் இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் பொருந்தாத மீன் எவ்வளவு ருசியானாலும் குச்சிக்கு ஆகாது. கட்லா, ரோகு, மற்ற கெண்டை வகைகள் எல்லாவற்றிலும் சதைக்குள்ளேயே கவட்டை கவட்டையாக முள் ஓடும். குழம்பில் போட்டால் பொறுமையாக நீக்கிச் சாப்பிடலாம். குச்சியிலிருந்து கடித்துத் தின்னும்போது அது ஆபத்து, அதுவும் பிள்ளைகளுக்கு. மத்தி, சங்கரா, கிழங்கான் ஆகியவற்றை முழுசாகச் சுடலாம். துண்டு போட்டுக் கோக்க முடியாது.

நம் பக்கத்தில் முதல் தேர்வு விரால். நடுமுள்ளை எடுத்துவிட்டால் பெரிதாக முள் தொந்தரவு கிடையாது. சதை இறுகலாக, குச்சியைப் பிடித்துக்கொள்ளும். உயிரோடு தொட்டியில் வைத்து விற்கிறார்கள் என்பதால் பழசா புதுசா என்ற கவலையும் இல்லை. விலை கூடுதல்தான், மறுக்கவில்லை.

கடல் மீனில் வஞ்சிரம் எல்லோருக்கும் தெரியும். வில்லையாக வாங்காமல், வால் பக்கம் அரைக் கிலோவை முழுத் துண்டாக வாங்கி நடுமுள்ளிலிருந்து சதையைப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். பாறை அதைவிட மலிவு, சுடுவதற்கு அதைவிட நல்லது என்பது என் கருத்து. சூட்டில் சீக்கிரம் வறண்டு போகாது. மயில் மீன் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், கறித்துண்டு போலக் கெட்டியாக நிற்கும். சூரையும் ஆகும், ஆனால் கொஞ்சம் அதிகம் வெந்தாலும் மரத்தூள்தான். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி இனங்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்து விற்றால் வாங்காதீர்கள். சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடிவிடும். அது எத்தனை வேக வைத்தாலும் போகாது. உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிடும்.

கொடுவாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடலும் ஆறும் கலக்கும் இடத்து மீன் அது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கமும், கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கமும் கிடைக்கும். இப்போது குளங்களிலும் வளர்க்கிறார்கள். சீர்காழியில் தலைமையகம் வைத்திருக்கும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் கொடுவாக் குஞ்சு உற்பத்தியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறது. வெள்ளைச் சதை, நல்ல கொழுப்பு, தோலோடு சுட்டால் தோல் அப்பளம் மாதிரி வரும். முதல் முறை செய்பவர் கையில் காசிருந்தால் கொடுவாவில் தொடங்கலாம். சின்னத் தப்புகளை அது மன்னிக்கும்.

காலமும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் பெரிய மீன் வரத்து குறைந்து, வஞ்சிரம் விலையைக் கேட்டாலே வயிறு எரியும். அந்த இரண்டு மாதமும் விராலுக்கு மாறிவிடுங்கள். கோடையில் குளம் வற்றும்போது விரால் பிடிபடும் காலமும் அதுவே. மேட்டூரில் தண்ணீர் திறக்க வழக்கமாகக் குறிக்கும் ஜூன் 12 வந்துவிட்டால், அடுத்த இரண்டு நாளில் படகுகளும் கடலுக்குப் போய்விடும்.

கழுவுவதும் துடைப்பதும்

விராலின் வழவழப்புக்கு நம் வீடுகளில் சாம்பல்தான் மருந்து. ஒரு கைப்பிடி சாம்பலைப் பூசி, சொரசொரப்பான தரையிலோ கல்லிலோ உரசினால் செதிலோடு வழவழப்பும் போகும். பிறகு கல் உப்பு போட்டு ஒருமுறை. வேதாரண்யம் உப்பளம் பக்கத்திலேயே இருக்கும் ஊர்க்காரர்கள் நாம், உப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். குளத்து மீனில் சில சமயம் சேற்று வாசனை அடிக்கும். அது சேற்றிலும் பாசியிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருளின் வாசனை. புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ 5 நிமிடம் போட்டு எடுத்தால் மட்டுப்படும். அதற்கு மேல் ஊறவிட்டால் சதை வெளுத்து மாவாகிவிடும்.

முழு மீன் 1 கிலோ வாங்கினால், தலை, முள், குடல் போக அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சதை கிடைக்கும். நாலு பேர் கொறிக்க அது போதும். தலையையும் நடுமுள்ளையும் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வாருங்கள், மறுநாள் குழம்புக்கு ஆயிற்று.

தோலை உரிக்க வேண்டாம். துண்டு உடையாமல் காப்பதே தோல்தான். விரற்கடை இரண்டு அளவுக்கு, அதாவது ஒன்று அல்லது ஒன்றேகால் அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். எல்லாத் துண்டும் ஒரே பருமனாக இருப்பது அவசியம். ஒன்று பெரிது ஒன்று சின்னது என்றால் ஒன்று பச்சையாகவும் ஒன்று கருகியும் போகும். வால் பக்கத்து மெல்லிய சதையைச் சதுரமாக வெட்டாமல் நீள நாடாவாக விட்டுவிடுங்கள், அதற்கு வேறு வழி வைத்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான இடம். துண்டுகளில் 1 டீஸ்பூன் தூள் உப்பைப் புரட்டி, ஒரு வடிதட்டில் பரப்பி 15 நிமிடம் வையுங்கள். கீழே தண்ணீர் இறங்கியிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, சுத்தமான பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள். கழுவக் கூடாது. கழுவினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விரலில் தொட்டால் ஈரம் ஒட்டாமல் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். உங்கள் வீட்டில் இதைப் பார்க்கும் பெரியவர்கள் "மீனைக் குழந்தைக்குத் துவட்டற மாதிரி துவட்டறியே" என்பார்கள். சொல்லட்டும்.

மசாலா

அரைக் கிலோ சதைக்கு:

பூண்டு 6 பல், இஞ்சி ஒரு விரல் நுனி அளவு, மிளகு 1 டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன். இவற்றைத் தண்ணீர் விடாமல் அம்மியிலோ சின்ன ஜாரிலோ அரைக்கவும். மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், பொட்டுக்கடலை மாவு 1 டேபிள்ஸ்பூன், நல்லெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். உப்பு ஏற்கெனவே மீனில் ஏறியிருப்பதால் ஒரு சிட்டிகை போதும்.

எல்லாவற்றையும் குழைத்தால் இட்லிப் பொடியில் எண்ணெய் விட்ட பதத்தில் இருக்க வேண்டும். தட்டைச் சாய்த்தால் ஓடக் கூடாது. எண்ணெய் போதாதது போலத் தோன்றும்; தண்ணீர் தெளிக்கக் கை போகும். அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள். பொட்டுக்கடலை மாவுதான் மசாலாவை மீனோடு பிடித்து வைக்கும். கடலை மாவு பச்சை வாடை அடிக்கும், அரிசி மாவு கல் மாதிரி ஆகும், இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வீட்டிலிருக்கும் குழம்பு மிளகாய்த்தூளையும் தொடாதீர்கள். அதிலுள்ள மல்லி குழம்பில் கொதித்தால்தான் சரிப்படும், தணலில் கருகிக் கசக்கும்.

கடைகளில் தயிர் சேர்ப்பார்கள். மீனும் தயிரும் சேரக் கூடாது என்று சொல்லும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய, எங்கள் அம்மாச்சி வீடும் அதில் ஒன்று. சேர்ப்பவர்கள் துணியில் கட்டி நீரை வடித்த தயிரில் 2 டேபிள்ஸ்பூன் போடலாம். நான் போடுவதில்லை, குறையொன்றும் தெரியவில்லை.

மசாலா தடவி அரை மணி நேரம், கோடையில் என்றால் ஃப்ரிட்ஜில். எலுமிச்சையை இப்போது பிழிய வேண்டாம். புளிப்பில் அதிக நேரம் கிடந்தால் மீன் நெருப்பைப் பார்ப்பதற்கு முன்பே வெந்தது போல் வெளுத்து உதிரத் தொடங்கும். எலுமிச்சையின் வேலை தட்டில்தான்.

கோப்பது

மூங்கில் குச்சி என்றால் குறைந்தது அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வேண்டும், இல்லாவிட்டால் மீனுக்கு முன்னால் குச்சி எரிந்துவிடும். இந்த வேலையில் ஈரம் வேண்டிய ஒரே பொருள் அதுதான். தட்டையான எவர்சில்வர் கம்பி கிடைத்தால் ஊற வைக்கும் வேலையே இல்லை; நுனியைச் சும்மா கையால் மட்டும் பிடித்துவிடாதீர்கள். தென்னை ஈர்க்கில் கோத்தால் அழகாக இருக்குமே என்று எனக்கும் தோன்றியது. தனி ஈர்க்கு வளைந்துவிடுகிறது, மூன்றைச் சேர்த்தால் மீனைக் கிழிக்கிறது. ஈர்க்கு துடைப்பத்துக்கே இருக்கட்டும்.

மீன் சதையை உற்றுப் பார்த்தால் ஏடு ஏடாகப் பிரியும் வரிகள் தெரியும். குச்சி அந்த வரிகளுக்குக் குறுக்கே போக வேண்டும். வரியோடு செருகினால் வெந்ததும் ஏடு பிரிந்து துண்டு நழுவிவிடும். அடுத்தது, ஒரு குச்சிக்குப் பதில் இரண்டு குச்சியை விரற்கடை இடைவெளியில் இணையாகச் செருகுங்கள், ஏணிக்கு இரண்டு கால் இருப்பது போல. ஒற்றைக் குச்சியில் திருப்பும்போது குச்சி மட்டும் சுற்றும், மீன் அப்படியே கிடக்கும். வால் பக்கத்து நாடாத் துண்டுகளைத் தையல் போடுவது போல உள்ளே வெளியே என்று நெளித்துக் கோத்தால், மற்றத் துண்டுகளின் பருமனுக்கே வந்துவிடும்.

துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடம் விடுங்கள். நெருக்கிக் கோத்தால் ஒட்டிய பக்கம் வேகாமல் ஆவியில் நனைந்து கிடக்கும். படங்களில் மீனுக்கு இடையிடையே குடைமிளகாயும் வெங்காயமும் கலர் கலராக இருக்கும். வெங்காயம் வேக 12 நிமிடம், மீனுக்கு 7 நிமிடம் என்றால் யார் யாருக்காகக் காத்திருப்பது? சின்ன வெங்காயத்தைத் தனிக் குச்சியில் கோத்து முதலில் போட்டுவிடுங்கள்.

நெருப்பு

கொல்லையிலோ மொட்டைமாடியிலோ மட்டுமே. கரி நெருப்பை மூடிய அறைக்குள்ளும், ஜன்னல் சாத்திய சமையலறைக்குள்ளும் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயக்கம் வருவதே தெரியாமல் உயிர் போய்விடும். மழை நாளில் ஆசை வந்தால், மாடியும் கொல்லையும் இல்லாதவர்களுக்கு என்று கீழே சொல்லும் வழிகளுக்குப் போங்கள்.

இதற்கென்று தனி அடுப்பு வாங்க அவசியமில்லை. பழைய வீடுகளின் பரணில் குமுட்டி அடுப்பு ஒன்று கிடக்கும், அதை இறக்கினால் போதும். சுத்த சைவ வீட்டில் காபிக்குப் பால் காய்ச்சிய அடுப்பு இன்று எங்கள் வீட்டில் விரால் சுடுகிறது. இடம் மாறி வந்த அடுப்பு, ஒன்றும் சொல்லவில்லை. அது இல்லாதவர்கள் நாலு செங்கல்லை நிறுத்தி மேலே கம்பி வலையைப் போடலாம்.

நன்றாகக் காய்ந்த கொட்டாங்கச்சி 10, 12 எடுத்து உடைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு பிடி வைக்கோல், மேலே ரெண்டு தென்னம்பாளைத் துண்டு, அதற்கு மேல் கொட்டாங்கச்சி. மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த வாடை மீனில் ஏறும். பற்றியதும் கொட்டாங்கச்சி பெரிய சுவாலையோடு கரும்புகை விட்டு எரியும். அப்போது மீனை வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. சுவாலை முழுதாக அடங்கி, தணல்மேல் சாம்பல் பூத்து வெள்ளையாகும் வரை காத்திருங்கள், 20 நிமிடம் வரை ஆகலாம். கொட்டாங்கச்சித் தணல் சூடு அதிகம், ஆயுள் குறைவு என்பதால் பக்கத்தில் கொஞ்சம் அடுப்புக்கரியும் கலந்துகொண்டால் நிதானமாக நிற்கும்.

சூடு பார்க்க: வலை இருக்கும் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி நிதானமாக எண்ணுங்கள். ஒன்று, இரண்டுக்குள் கை இழுத்துக்கொண்டால் அதிகச் சூடு, தணலைப் பரப்பிவிடுங்கள். நாலு, ஐந்து வரை தாங்கினால் சரி. தணலுக்கும் வலைக்கும் நாலு விரற்கடை உயரம் இருக்கட்டும்.

சுடுவது

வலை முதலில் தனியாக 5 நிமிடம் காய வேண்டும். அப்புறம் தோசைக்கல்லுக்குச் செய்வதுதான்: பெரிய வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு வலையை அழுந்தத் தேய்த்துவிடுங்கள். குச்சிகளை வைத்ததும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். 3 நிமிடம் தொடக் கூடாது. ஓரத்தை லேசாகத் தூக்கிப் பாருங்கள். தோசை மாதிரியே, வெந்துவிட்டால் தானாக விட்டுக்கொடுக்கும். ஒட்டினால் இன்னும் ஆகவில்லை என்று பொருள், அரை நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். திருப்பி இன்னொரு 3 நிமிடம். இடையில் ஒருமுறை எண்ணெய் தொட்டுத் தடவலாம். ஊற வைத்த பாத்திரத்தில் மிஞ்சிய மசாலாவை வெந்த மீன்மேல் தடவாதீர்கள், அது பச்சை மீன் பட்டது. அதே காரணத்துக்காக, பச்சை மீன் வைத்திருந்த தட்டில் சுட்ட மீனை எடுத்து வைக்கவும் கூடாது.

எண்ணெய் சொட்டிச் சுவாலை எழுந்தால் தண்ணீர் தெளிக்காமல் குச்சிகளை ஓரத்துக்கு நகர்த்துங்கள். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து மீனெல்லாம் படியும்.

வெந்ததா என்று பார்க்க, தடித்த துண்டின் நடுவில் ஒரு மெல்லிய எவர்சில்வர் கம்பியை 10 விநாடி செருகி எடுத்து, கீழ் உதட்டுக்கு அருகில் வையுங்கள். நன்றாகச் சூடாக இருந்தால் ஆயிற்று. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 63 டிகிரி செல்சியஸ் கணக்கு. சதை கண்ணாடி போலத் தெரிவது போய் முழுக்க வெள்ளையாகி, அழுத்தினால் ஏடு பிரிய வேண்டும். ஓரங்களில் வெள்ளையாகக் கட்டி கட்டியாகக் கசிந்தால் தாண்டிப் போய்விட்டீர்கள், உடனே எடுங்கள். குளத்து மீனை மட்டும் "கொஞ்சம் சாறோடு இருக்கட்டும்" என்று அரைவேக்காட்டில் எடுக்க வேண்டாம், புழு பூச்சி பயம் உண்டு.

மாடியும் கொல்லையும் இல்லாதவர்களுக்கு

ஓடிஜி என்ற மின்சார அவன் இருந்தால் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டு, உச்ச சூட்டில் 10 நிமிடம் காய வைத்து, குச்சிகளை மேல் கம்பியிலிருந்து அரைச் சாண் கீழே தள்ளி வையுங்கள். பக்கத்துக்கு 4 நிமிடம். அடியில் தட்டு வைக்காவிட்டால் சுத்தம் செய்வது உங்கள் பாடு. ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம், நடுவில் ஒரு திருப்பு. சுலபம், ஆனால் புகை வாசனை வராது. இரும்புத் தோசைக்கல்லில் குச்சியோடு சுட்டாலும் மோசமில்லை. அடுப்பை அணைத்த பிறகு, மீன் தட்டின் நடுவில் சின்னக் கிண்ணம் வைத்து, கேஸில் காய்ச்சிய ஒரு கரித்துண்டை அதில் போட்டு, அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு 3 நிமிடம் மூடி வைத்தால் ஓரளவு தணல் வாசனை ஏறும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

தட்டில்

வாழையிலையை நெருப்பில் லேசாக வாட்டி, அதில் குச்சிகளை அடுக்கி, எலுமிச்சையைப் பிழிந்து, சுட்ட சின்ன வெங்காயத்தோடு கொடுங்கள். 2 நிமிடம் ஆறவிட்டால் உள்ளே இருக்கும் சாறு நிற்கும். சோற்றோடு என்றால் ரசம் போதும், அதற்குமேல் எதுவும் மீனை மறைத்துவிடும். மிஞ்சுவது அபூர்வம், மிஞ்சினால் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் உதிர்த்துப் புட்டு செய்துவிடுங்கள். அதற்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது.

தணலில் தண்ணீர் ஊற்றி அணைக்காமல், ஒரு பழைய தகரத்தால் மூடித் தானாக அடங்க விடுங்கள். காலையில் எரியாமல் கிடக்கும் கரியைப் பொறுக்கி எடுத்துவிட்டு, சாம்பலைச் சலித்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த விராலை உரச அது வேண்டும்.